கரீபியன் டிஃபெண்டரும் தேக்கா மேசையும்

“நான் மட்டும் இல்லாட்டி அந்தக் கரீபியன்காரன் அவன் நாட்டு டீமுக்கே போயிருக்க மாட்டான் லா.”

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியின் பிரியாணிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தலை நரைத்த மனிதர் தன் மனைவியிடம் சொன்னது இது.

“ஏன், அவனுக்கு கோச்சா இருந்தீங்களா?”

“எதிர் டீம்ல நான் ஃபார்வர்ட். அவன் இங்க ஃபுட்பால் லீக் விளையாட வந்த டிஃபெண்டர். மேட்ச் முழுக்க என்னைப் பந்தைத் தொடவே விடலை. அதைப் பாத்துட்டுத்தான் அவன் ஊர்ல கூப்பிட்டாங்க. பத்து வருஷம் நாட்டுக்கு ஆடினான்.”

“அப்ப உங்களை ஏன் நம்ம டீமுக்குக் கூப்பிடலை?”

அவர் விலைப்பலகையைப் படிக்கத் தொடங்கினார்.

“சரி, சரி, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. அவன் மேட்ச் பாக்க நீங்க விடியக்காலைல எழுந்தப்பல்லாம் நான்தானே காப்பி போட்டேன்.”

அவர்கள் தட்டுகளோடு திரும்பியபோது, டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம்பிடித்திருந்த மேசையில் வேறொரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் அந்தக் குடும்பத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? அந்தக் கரீபியன்காரனா இருந்தா இடத்தை விட்டிருப்பானா?”

“இடத்தைக் காக்கிறது அவன் வேலை. நான் ஃபார்வர்ட் லா.”