வர்லாமின் தொப்பி

— கதவைத் திற ஸ்மராந்தா. நான் இறங்கிக்கறேன்.

— எங்க போவீங்க மாஸ்டர்? அதோ தெரியுது பாருங்க ஓட்டல். ரெண்டு கிலோமீட்டர்கூட இல்ல. சனிக்கிழமை மலை ரோடு, வண்டி இப்படித்தான் நிக்கும். கொஞ்சம் பொறுங்க.

— ஸ்டேஷனுக்கு நடந்து போய் புக்காரெஸ்ட் ரயில் ஏறிக்கறேன்.

— நாலு மணிக்குப் பத்திரிகைக்காரங்க முன்னாடி நீங்க மடியில வெச்சிருக்கற அந்தத் தொப்பியை எடுத்துப் என் படத்தோட புது வர்லாம் தலையில வைக்கணும். ஒத்துக்கிட்டுத்தானே வந்தீங்க?

— புது வர்லாம் யாருன்னு நீ சொல்லல.

— நீங்க கேக்கல.

— பின் சீட்ல இருக்கறது மேக்கப் உதவிக்கு வந்த பொண்ணுன்னு நினைச்சுட்டேன். கோட்டைக் கழட்டிக் குடுத்து, மடிச்சு வைம்மான்னேன்.

— மடிச்சு வெச்சுட்டேன் ஐயா. பிரஷ்கூடப் போட்டுட்டேன்.

— பாரு, கிண்டல் பண்றா.

— சத்தியமா இல்ல. உங்களை இவ்வளவு பக்கத்துல பாத்ததுல பேச வாய் வரல, அதான் வாங்கிக்கிட்டேன். பெர்சிடா என் பேரு.

— ஒரு பொம்பளை. அதுலயும் ஒரு ஜிப்ஸி. வர்லாம். கேட்டியா ஸ்மராந்தா, இதையெல்லாம் ஒண்ணா வெச்சுச் சொல்லிப் பாரு. நாக்கு ஒத்துக்காது.

— ரோமான்னு சொல்லுங்க ஐயா, அதுதான் எங்க ஜனத்தோட பேரு. ஜிப்ஸிங்கறது வசவு.

— ஐம்பது வருஷமா ஜிப்ஸின்னுதான் சொல்றேன். ஒருத்தரும் கோவிச்சுக்கல.

— உங்க முன்னாடி கோவிச்சிருக்க மாட்டாங்க.

— ஐயோ, ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. இந்தாங்க, கோவ்ரிக் ரொட்டி சாப்பிடுங்க, எள்ளு போட்டது, இன்னும் சூடா இருக்கு. மாஸ்டர், வர்லாம்னு ஒருத்தன் பொறக்கவே இல்ல. பண்ணையாரை அடிச்சுப் பிடுங்கி ஏழைக்குக் குடுத்த காட்டுக் கொள்ளைக்காரன்னு யாரோ கட்டின பாட்டு அது. அவன் பொறப்புச் சான்றிதழா வெச்சிருக்கீங்க நீங்க?

— கதையில பொறந்தவனுக்குத்தாம்மா முகம் மாறக் கூடாது. நிஜ ராஜா முகம் யாருக்கு ஞாபகம் இருக்கு? வர்லாமைக் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுன்னு எவனை வேணா கேளு. மீசை, தொப்பி, குதிரை. அந்தப் பள்ளத்தாக்குத் தாண்டல். கீழ ஆறு, மேல வர்லாம், நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பறக்கறான். அந்த போஸ்டர் இல்லாத சலூன் இந்த நாட்டுல இருந்துச்சா?

— எங்க வீட்டுலயும் இருந்துச்சு ஐயா. குதிரைக் கொட்டடிக் கதவுல ஒட்டியிருந்தோம்.

— கொட்டடியிலயா?

— மழை படாத இடம் அது ஒண்ணுதான். அது இருக்கட்டும். உங்க நாலு வர்லாம் படத்துல ரோமா எத்தனை பேர் வராங்க?

— மூணு. குதிரைத் திருடன், பிடில்காரன், குறி சொல்றவ.

— நடிச்சது யாரு?

— எங்க நாடகக்காரங்கதான். பாட்டில் கார்க்கைச் சுட்டு அந்தக் கரியை மூஞ்சியில தேச்சுக்குவாங்க. அப்போ எல்லாப் படத்துலயும் அப்படித்தான், எங்க படத்துல மட்டுமில்ல.

— சின்ன வயசுல தெருவுல நாங்க வர்லாம் ஆட்டம் ஆடுவோம். பள்ளிக்கூடத்துப் பசங்களும் வருவாங்க. அவங்கள்ல ஒருத்தனுக்கும் குதிரை ஏறத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆனா எனக்கு எப்பவும் குதிரைத் திருடன்தான். 'நீ வேஷமே போட வேணாம்'பாங்க. எட்டு வயசு ஐயா எனக்கு. சிரிச்சுக்கிட்டே ஆடினேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

— அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

— ஒண்ணும் பண்ண வேணாம். நாலு மணிக்குத் தொப்பியை வைங்க, போதும்.

— இவ அழுததுக்காக ஒரு நாட்டோட வீரனை மாத்தணுமா? புதுசா ஒரு ரோமா வீராங்கனைக் கதை எழுதிக்கோ ஸ்மராந்தா. யாரு வேணாம்னா? எதுக்கு என்னோடதைப் பிடுங்கறே?

— புதுசா எழுதினா எவன் பாப்பான்? பத்து பேர் பாப்பாங்க, பத்து பேரும் என் சொந்தக்காரங்களா இருப்பாங்க.

— பாரிஸ்ல பரிசு குடுப்பாங்கல்ல? அதுக்குத்தானே இவ்வளவும்.

— குடுத்தா வாங்கிக்கிட்டுத்தான் வருவேன்.

— அக்கா, நானும் ஒண்ணு கேக்கணும். ரெண்டு மாசமா கேக்கணும்னு இருக்கேன். நாப்பது பேர் வந்தாங்க தேர்வுக்கு. என்னை எதுக்கு எடுத்தீங்க? சவாரிக்கா, தோலுக்கா?

— ஐயோ, இப்பவா கேப்பே இதை?

— வண்டி நகரலியே.

— சரி. ரெண்டுக்கும்தான். வெளிநாட்டு நிதிக்காரங்களுக்கு உன்னைப் பிடிக்கும்னு தெரியும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ சேணம் இல்லாம அந்த வேலியைத் தாண்டினியே, அப்போ குறிப்பெடுத்துக்கிட்டிருந்த பேனாவைக் கீழ போட்டுட்டேன். அதுவும் நிஜம்.

— பாதிக்குப் பாதி. பரவால்ல. அந்த டுடோரை யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்க.

— யாரு டுடோர்?

— ஷேவிங் கிரீம் விளம்பரத்துல வருவானே மாஸ்டர், செம்பட்டைத் தலைப் பையன். பழைய வர்லாம் கையால தொப்பி வெச்சாத்தான் பெர்சிடா, இல்லேன்னா திங்கக்கிழமை டுடோர்னு படத்துக்குப் பணம் போடற டிவி சேனல்காரங்க எழுதியே குடுத்துட்டாங்க. இப்போ புரியுதா நான் ஏன் தவிக்கறேன்னு?

— அவனுக்குக் குதிரை ஏறத் தெரியுமா?

— எங்க தெரியும். டூப் போட்டுக்குவாங்க. முதுகுதானே தெரியும், யாருக்குத் தெரியப் போகுது?

— ஜன்னலை இறக்கு. புழுங்குது.

— பனி கொட்டற மாதிரி இருக்கு வெளிய. சரி, இறக்கறேன்.

— உனக்கு யாரு பொண்ணே கத்துக் குடுத்தது? சவாரி.

— அத்தை ஐயா. அம்மா போனதும் அவங்கதான் வளர்த்தாங்க. எங்களோடது குதிரைச் சந்தைக் குடும்பம். உங்களைப் பத்திக்கூட ஒரு வேடிக்கை சொல்லணும். வருஷப் பிறப்பு அன்னிக்கு டிவியில உங்க படம் போடுவாங்கல்ல, அத்தை அடுப்படியை விட்டு வரவே மாட்டாங்க. தாண்டல் வரப்போ மட்டும் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க. குதிரை அந்தக் கரையைத் தொட்டதும் திரும்பிப் போயிருவாங்க. கதை எப்படி முடியுதுன்னே இன்னிவரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. வர்லாம் மேல அத்தைக்கு ஒரு இதுன்னு நாங்க ஓட்டுவோம்.

— ஒண்ணும் சொல்ல மாட்டாளா?

— ஒண்ணே ஒண்ணு சொல்லுவாங்க. 'இறங்கறப்போ கடிவாளத்தைக் கொஞ்சம் முன்னாடியே விட்டிருக்கணும்.' ஒவ்வொரு வருஷமும் அதேதான். வர்லாமுக்கே பாடம் நடத்தறியா அத்தைன்னு சிரிப்போம்.

— ஸ்மராந்தா, இந்தத் தொப்பி இவளுக்குச் சேராது. என் தலைக்கு அளவெடுத்துத் தைச்சது. விட்டுரு.

— போட்டுத்தான் பாக்கட்டுமே. குடுங்க இப்படி. பெர்சிடா, பிடி.

— அக்கா, உள்ள என்னமோ தட்டுது. நியூஸ்பேப்பர். மடிச்சு மடிச்சுத் திணிச்சிருக்கு.

— அதை எடுக்காதே.

— கையோட வந்துருச்சு ஐயா. மஞ்சளாப் போயிருக்கு. எழுபத்து நாலு, செப்டம்பர்.

— அந்தத் தாண்டல் படம் எடுத்த வருஷம் அது. உங்க தலைக்கு அளவெடுத்ததுன்னா பேப்பர் எதுக்கு மாஸ்டர்?

— ஆட்டுத்தோல். தளர்ந்துடும்.

— புதுசுலயேவா?

— பின்னாடி ஹாரன் அடிக்கறான், ஓட்டு நீ.

— ஓட்டறேன், ஓட்டறேன். பெர்சிடா, அந்த ரெண்டு பின்னலையும் தலை மேல சுத்தி உள்ள சொருகிக்கிட்டுப் போடு. கண்ணாடியில பாக்கறேன். ம். அப்படியே உக்காந்துருச்சே.

— பின்னலுக்குன்னே இடம் விட்டுத் தைச்ச மாதிரி இருக்கு அக்கா.

— மாஸ்டர், என்ன ஆச்சு?

— உங்க அத்தை பேரு என்ன?

— ஸம்ஃபிரா.

— இடது காலைத் தாங்கித் தாங்கித்தான் நடக்கறாளா இன்னும்?

— உங்களுக்கு எப்படித் தெரியும்? சந்தையில குதிரை உதைச்சதுன்னு சொன்னாங்க.

— உதைக்கல. எனக்கு டூப்பா வந்தப்போ அவளுக்கு இருபது வயசு. மொத தடவை அருமையாத் தாண்டினா. காத்துல ஒரு பின்னல் வெளிய விழுந்துருச்சு. போஸ்டருக்கு ஆகாது, இன்னொரு தடவை தாண்டச் சொல்லுங்கன்னு நான்தான் கத்தினேன். ரெண்டாவது தடவை அந்தக் கரையில இறங்கறப்போ விழுந்தா. விழுந்ததைப் படத்துல வெட்டிட்டாங்க.

— இருங்க மாஸ்டர். அப்போ அந்த போஸ்டர்ல இருக்கறது?

— அவ முதுகும்மா. முகம் எங்க இருக்கு அதுல? என் முகத்தை எடுக்கறப்போ நான் ஒரு மரப் பீப்பாய் மேல உக்காந்திருந்தேன். ரெண்டு பேர் பிடிச்சு ஆட்டினாங்க. படத்துல அவ பேரைப் போடலாம்னாங்க, கூடாதுன்னேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு வாங்கிக்கிட்டேன்.

— அத்தை ஒரு வார்த்தை சொன்னதில்ல. எங்ககிட்டகூட.

— அதான் பயம் எனக்கு. ஒரு ரோமாப் பொண்ணு வர்லாமா குதிரை ஏறினா ஜனங்க பழைய படத்தை எடுத்துப் பாப்பாங்க. அந்த முதுகைப் பாப்பாங்க. எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு தாண்டல்தான், பொண்ணே. வேற ஒண்ணுமே இல்ல.

— ஓட்டல் வந்துருச்சு. கேமராக்காரங்க வாசல்லயே நிக்கறாங்க. மாஸ்டர், இப்போ என்ன செய்யப் போறீங்க?

— என் கோட்டைக் குடு.

— இந்தாங்க ஐயா. தொப்பியும் இந்தாங்க. பின்னலைத் தலை மேலயே முடிஞ்சு வெச்சிருக்கேன். நீங்க வெச்சா சரியா உக்காரும்.

— அவிழ்த்துத் தொங்க விடு.

— அப்புறம் தொப்பி தொளதொளன்னு ஆடுமே.

— ஆடட்டும். அன்னிக்கு உங்க அத்தை பின்னலை உள்ள சொருகச் சொன்னவன் நான்தான்.