காருக்குள்ளே ஒரு கூண்டு

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவள் நான். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் பஸ்ஸிலும் புத்தகத்தை மூடமாட்டேன். அன்று மூடினேன்.

முன் இருக்கையில் ஒரு கணவன் மனைவி. பத்து தீகா என்ற ஊரின் கார் பந்தயத்தில் கணவர் ஓட்டும் கார் வெல்டிங் கடையில் நிற்கிறதாம். உள்ளே இரும்புக் கூண்டு போடுவதா வேண்டாமா என்று சொல்லப் போகிறார்கள். கடைக்காரர் வழக்கமாக வீட்டு ஜன்னலுக்குக் கம்பி அடிப்பவர்.

"தாமரை வைக்கவா, மயில் வைக்கவான்னு கேக்கறாருங்க."

"ரேஸ் காருக்கு எதுக்குலா மயிலு? கார் கவுந்தா கூரை நசுங்காம இருக்கத்தான் கம்பி."

"கூண்டுக்காகப் பின்சீட்ட எடுத்துட்டா உங்கம்மா பத்துமலைக் கோயிலுக்கு எப்படி வருவாங்க?"

"கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கட்டும். பஸ்ல நிக்கறாங்கல்ல?"

"கார்ல எப்படிங்க நிக்கிறது?"

"குனிஞ்சி."

அந்த அக்கா கணவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"கூண்டு போட்டா, நாலு தடவ உருண்டாலும் ஒண்ணும் ஆகாதா?"

"ஒரு கீறல் விழாது. சத்தியமா."

"அப்போ ஞாயித்துக்கிழமை ரேஸ்ல நானும் பக்கத்துல உக்காந்து வரேன்."

"உனக்கென்ன பைத்தியமா? ஏதாவது ஆச்சுன்னா புள்ளைங்கள யாரு பாத்துக்கறது?"

"இதத்தாங்க நான் இவ்வளவு நாளா உங்களக் கேக்கறேன்."

சொல்லிவிட்டு மணியை அடித்தார். கடைக்காரருக்குப் பதில் சொல்ல அந்த அக்காதான் முதலில் இறங்கினார்.