மாட்டுகிறவனிடம் பேசக் கூடாது

ட்ரெய்லர் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் குளியலறைக் கதவைத்தான் திறந்து பார்ப்பார்கள். பிறகு அடுப்பு, படுக்கை, சாமான் அலமாரி. குனிந்து வண்டியின் மூக்கை, இழுக்கிற வண்டியோடு மாட்டும் அந்த முன்முனையை, பார்க்கிறவன் அபூர்வம். வெண்டல் குனிந்து பார்க்கிறவன். அதனால்தான் எனக்கு அவனைப் பிடித்துப்போனது. உங்கள் போலீஸ் அறிக்கையில் அவனைக் கவனக்குறைவானவன் என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள், தம்பி.

என் பெயர் ஆர்டன் லிண்டால். மினசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அங்கே பனி விழத் தொடங்கியதும் ட்ரெய்லரைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு இந்த அரிசோனாவுக்கு இறங்கி வந்துவிடுவேன். இங்கே வெயில் சுட ஆரம்பித்ததும் திரும்ப வடக்கே. இங்கே ட்ரெய்லர்களை நிறுத்தும் முகாமில் இருக்கிற கிழடுகள் எல்லாருக்கும் இதுதான் பிழைப்பு. வெண்டலும் அவன் மனைவி லவோனும் எனக்குப் பக்கத்து இடம். என் மனைவி மார்லிஸ் இருந்தவரை நாலு பேரும் ஒரே மேசையில் சீட்டாடுவோம். அவள் போனபின் ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு வீடு என்றால் அந்த ட்ரெய்லர்தான்.

எங்கள் முகாமில் யாரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. வண்டி மாட்டுகிறவனிடம் பேசக் கூடாது. ட்ரெய்லரின் மூக்கைப் பிக்கப்பின் இரும்புக் குண்டின் மேல் இறக்க வேண்டும். கொக்கியை அழுத்தி மூடி, அது திறக்காமலிருக்க ஆணி செருக வேண்டும். சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி, விளக்கு ஒயரைச் சொருக வேண்டும். நடுவில் ஒருத்தன் வந்து "கிளம்பியாச்சா?" என்று கேட்டால் போதும், எதில் விட்டோம் என்று கை மறந்துவிடும். அதனால் நாங்கள் காபிக் கோப்பையோடு தள்ளி நின்று காத்திருப்போம். அவன் நிமிர்ந்து கையைத் துடைத்த பிறகுதான் வாயைத் திறப்போம். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான்.

மாட்டி முடித்ததும் கடைசிச் சுற்று. தான் செய்ததைத் தானே சரி பார்க்கக் கூடாது. இன்னொருவர் சுற்றிவந்து ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது மனைவியின் வேலை. லவோன் கொக்கியை உள்ளங்கையால் தட்டி, "கட்டியாச்சு, கிளம்பு" என்பாள். மார்லிஸ் போனபின் என் வண்டிக்குச் சுற்று வந்தவன் வெண்டல். ஒரு வருஷம்கூட நான் கூப்பிட்டதில்லை. தானாக வந்து நிற்பான்.

இந்தக் குளிர்காலத்தில் என் கண்ணில் கோளாறு வந்தது. நேராகப் பார்த்தால் நடுவில் புகை மண்டியிருக்கும். முகத்தைச் சற்றுத் திருப்பினால் ஓரத்தில் நன்றாகவே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. ஆயுள் முழுக்க ஊரார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பனியில் பேருந்து ஓட்டியவன் நான். கண் சரியில்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? ஒருநாள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது முகாமின் தண்ணீர்க் குழாயை இடித்துவிட்டேன். தண்ணீர் பீய்ச்சியடித்து முகாமே கூடிவிட்டது. வெண்டல் ஓடிவந்து குழாயை அடைத்துவிட்டு, தெப்பலாக நனைந்து நின்றான்.

"ஏண்டா ஆர்டன், நான் குளிக்கலேன்னா வாயத் தொறந்து சொல்லவேண்டியதுதானே. இப்பிடியா குளிப்பாட்டுவ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் சிரிப்பில்லாமல் என் வாசலுக்கு வந்தான்.

"உனக்குக் கண்ணு தெரியல. மறைக்காத."

"வெயில் மூஞ்சில அடிச்சிச்சு. வேற ஒண்ணுமில்ல."

"எங்கிட்டயே கத விடுறியா? இந்த வண்டிய இழுத்துக்கிட்டு நீ ரோட்டுல போறதப் பாத்துக்கிட்டு நான் சும்மா இருக்க முடியாது. எதிர்ல எவனாவது புள்ளகுட்டியோட வருவான். ஊருக்குப் போற வழியில ஒம் மகன் கர்ட்டிஸப் பாத்துச் சொல்லத்தான் போறேன்."

"சொன்னா வண்டிய வித்துட்டு, அவன் வீட்டு நிலவறையில எனக்கு ஒரு கட்டிலப் போட்டுருவான்."

"போடட்டுமே. உசுரோட இருப்பல்ல."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அது அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் கர்ட்டிஸ் முன்னால் நான் கண் தெரியாத கிழவனாக உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. சிறுவயதில் அவன் என் பேருந்தில் என் பின்னால்தான் உட்காருவான். எங்கப்பாவுக்குப் பனியிலும் ரோடு தெரியும் என்று மற்ற பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்வான்.

அவர்கள் கிளம்பிய காலையில் கையில் காபியோடு போனேன். வெண்டல் மூக்கைக் குண்டின் மேல் இறக்கிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கொக்கி இன்னும் மூடவில்லை. சங்கிலிகள் மேலே சுருண்டு கிடந்தன. தள்ளி நிற்க வேண்டிய நான் பக்கத்தில் போய் நின்று, "உங்க ஊரு ஏரில ஐஸ் உருகிடுச்சாமே?" என்று கேட்டேன். அவன் ஒரு விரலைத் தூக்கி, பொறு என்று காட்டினான். நான் பொறுக்கவில்லை. "அந்த ஏரிக்கு இன்னொரு தடவ போகணும்னு மார்லிஸ் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா" என்றேன்.

அதற்கு அவன் எழுந்துவிட்டான். எழுவான் என்று எனக்குத் தெரியும். செத்துப்போன என் மனைவியை நான் அதற்குப் பயன்படுத்திக்கொண்டேன். இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருவரும் அவளைப் பற்றிப் பேசினோம். அவள் சுட்ட எலுமிச்சைப் பணியாரத்தை அவன் திருடித் தின்று மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரித்தான். கண்ணைத் துடைத்தான். பிறகு குனிந்து சங்கிலிகளை மாட்டினான், விளக்கு ஒயரைச் சொருகினான், சக்கரங்களுக்கு அடியிலிருந்து கட்டைகளை எடுத்தான். கொக்கியை மறந்துபோனான்.

கண் மங்கியவன், கவனித்திருக்க மாட்டான் என்று நீங்கள் நினைக்கலாம். முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தேன். கொக்கி வாயைத் திறந்துகொண்டிருந்தது.

வெண்டல் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் கொக்கிய மூடுனேனா?" என்று கேட்டான்.

"மூடுன. பாத்தேன்."

உள்ளே அலமாரிகளைக் கட்டிவிட்டு லவோன் சுற்று வருவதற்காக இறங்கினாள். "நான் சுத்திட்டேம்மா. நீ ஏறு, வெயிலுக்கு முன்னாடி மலையத் தாண்டிருங்க" என்றேன். அவள் வெண்டலைப் பார்த்தாள். என் கண் கோளாறு அவனுக்குத் தெரியும். அவளையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கலாம். நானும் சும்மா நின்றிருப்பேன். ஆனால் அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆர்டன் பாத்தான்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். அத்தனை பேர் நடுவில் குழாயை இடித்தவனுக்கு மரியாதை கொடுத்தான். அந்த மரியாதையைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

நான் போய்க் கொக்கியைத் தட்டினேன். கைக்கு அடியில் அது ஆடியது. கட்டியாச்சு, கிளம்பு என்றேன்.

மலை இறக்கத்தில் நடந்ததை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். மூக்கு குண்டைவிட்டு எழும்பிவிட்டது. அவன் பிரேக் பிடிக்க, ட்ரெய்லர் பின்னாலிருந்து வந்து இடித்துப் பிக்கப்பை ஓடைப் பள்ளத்தில் தள்ளியது. வெண்டல் அங்கேயே போய்விட்டான். லவோனுக்கு இடுப்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் ஆர்டன் அவரக் கொன்னுட்டேன். ஒங்களுக்குக் கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சும், எஞ் சுத்த ஒங்ககிட்ட விட்டேன் பாருங்க. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. தெரிஞ்சாத்தானே பாப்பீங்க?"

"அப்பிடிச் சொல்லாத, லவோன்."

"அவரு கர்ட்டிஸ்கிட்ட எதுவும் சொல்லவேண்டாம்னு முடிவு பண்ணிட்டாரு. வண்டியில போகும்போது சொன்னாரு. என்னய ஊர்ல விட்டுட்டு பஸ் புடிச்சுத் திரும்பி வந்து, ஒங்க வண்டிய அவரே ஓட்டிக்கிட்டு வர்றதாச் சொன்னாரு. ஆர்டன் பக்கத்துல ஒக்காந்து வழி சொல்லட்டும், அவனுக்கும் கௌரவமா இருக்கும்னாரு."

அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, சரியாத் தெரியல" என்றேன். அவள் என் கையைத் தடவிக்கொடுத்தாள். இடுப்பு ஒடிந்து கிடக்கிறவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அன்று முதல் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். முகாமில் என்னைக் கண்டதும் குரலைத் தணித்து, பாவம், கண் தெரியாத மனுஷன் என்கிறார்கள். ஒருத்தி என் கோப்பையில் காபியை ஊற்றி, விரல்களைப் பிடித்து அதன் காதில் வைத்துவிடுகிறாள். நீங்களும் என் தோளைத் தட்டி, "விபத்துதான் பெரியவரே, கண்ணு தெரியாம ஆனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றீர்கள். நேற்று கர்ட்டிஸ் போனில் அழுதான். "கண்ணு தெரியலன்னா அந்தப் பொறுப்ப ஏம்பா எடுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன்.

அதனால்தான் வந்தேன். லவோன் தன்னையே குற்றம் சொல்லிச் சாகக் கூடாது, அதற்காகத்தான் வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. வெண்டல் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவனைக் கொன்றது நான். என்ன தண்டனை என்றாலும் கொடுங்கள், வக்கீல் வேண்டாம். வக்கீல் வந்தால் முதல் வேலையாக டாக்டரைக் கூட்டிவந்து என் கண்ணைத்தான் காட்டுவார்.

ஒன்றை மட்டும் நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. மேலேயே எழுதுங்கள், கர்ட்டிஸ் படிக்கும்போது முதலில் அவன் கண்ணில் அதுதான் பட வேண்டும். கொக்கி திறந்திருந்தது அவன் அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்தது.