வீட்டுச் சவரம்

இசக்கிசெல்வி: தாடையில மறுபடியும் ரத்தம். மொதல்ல துடைங்க.

வெயிலுமுத்து: கூர் இல்லாத கத்திதான் தோல வெட்டுமாம். கூர் ஏறிட்டுன்னா வெட்டாதாம். வீடியோல சொல்லுதான்.

இசக்கிசெல்வி: ஒரு மாசமா இதத்தான் சொல்லுதீய. மூஞ்சி தேங்கா துருவின மாதிரி இருக்கு. ஸ்கூல் மீட்டிங்குக்கு அப்பா வர வேண்டாம்னு மக சொல்லிட்டா.

வெயிலுமுத்து: நீ அந்தக் கல்லு மேல தண்ணிய ஊத்து. அம்புட்டு இல்லளா... கொஞ்சமா.

இசக்கிசெல்வி: ஊத்துதேன். நீங்க அமுக்காதீங்க. கத்தி முதுகும் வெட்டுத வாயும் ஒண்ணுபோல கல்லுல படுக்கணும். நீங்க முதுகத் தூக்குதீய.

வெயிலுமுத்து: நீயும் வீடியோ பாத்தியாக்கும்?

இசக்கிசெல்வி: பத்துக்குப் பத்து கோலி, இருக்கது ஒத்த ரூம்பு. இதுல நீங்க பாத்தா நான் பாக்காம எங்க போவேன்?

வெயிலுமுத்து: சொவத்துல பட்டி தேய்ச்சித் தேய்ச்சி... அமுக்கியே பழகின பெயிண்டர் கை. இப்ப பாரு, கத்தி கை முடிய எடுக்குதான்னு.

இசக்கிசெல்வி: ஒண்ணும் எடுக்கல. சும்மா நீவி விடுது.

வெயிலுமுத்து: வாருல ரெண்டு இழு இழுத்தா சரியாயிரும். அந்தத் தோல்வார எடு.

இசக்கிசெல்வி: பாத்து... நேத்து மாதிரி வாரக் கிழிச்சிராதீங்க. கல்லுல வாய் முன்னால போகணும், வாருல முதுகு முன்னால போகணும். லெதர் பட்டறையில கெஞ்சி வாங்கின வாரு. சோர் பஜார்ல பழைய சாமான் கடை கடையா அலைஞ்சு வாங்கின கத்தி. எதுக்கு இந்தப் பாடு? தெரு முக்குல கரீம் பாய் சலூன் இருக்கு.

வெயிலுமுத்து: அங்க கூட்டம்.

இசக்கிசெல்வி: இப்பதான் தாண்டி வாறேன். ஒரு ஆளு இல்ல. பாய் நாற்காலியத் துடைச்சிக்கிட்டு நிக்காரு.

வெயிலுமுத்து: நீ அந்த வார இறுக்கிப் பிடி, தொய்யுது.

இசக்கிசெல்வி: கடை ரேசரும் ஒங்களுக்கு ஆகாது. ரெண்டாம் நாளே கழுத்தெல்லாம் கொப்புளம். அதுக்காகத்தான எல்லாருக்கும் பிளேடு மாத்துத கத்தி, ஒங்களுக்கு மட்டும் மடக்குக் கத்தின்னு பத்து வருசமா வச்சிருக்காரு.

வெயிலுமுத்து: தெரியும்.

இசக்கிசெல்வி: தெரிஞ்சா போங்க. தம்பியப் பறிகொடுத்த மனுசன். முகைதீன் போயி மூணு மாசம் ஆச்சு. நீங்களும் போகலன்னா அவர் என்ன நினைப்பாரு? அவனத் தொழிலுக்குக் கூட்டிப் போனதே நீங்கதான.

வெயிலுமுத்து: அதனாலதான் போகல.

இசக்கிசெல்வி: கயிறு அறுந்ததுக்கு நீங்க என்ன செய்வீய? போலீஸ்ல அதத்தான சொன்னீய?

வெயிலுமுத்து: சொன்னேன்.

இசக்கிசெல்வி: பெறகு?

வெயிலுமுத்து: கடைசியாப் போனப்ப... நுரை போட்டாரு. கழுத்த நிமுத்திவிட்டாரு. கத்திய வச்சிக்கிட்டு மெதுவாக் கேட்டாரு, எந்தம்பி கடைசியா என்ன சொன்னான் முத்துன்னு.

இசக்கிசெல்வி: என்ன சொன்னீய?

வெயிலுமுத்து: அண்ணேன்னு ஒங்களத்தான் கூப்பிட்டான்னேன். பொய். பாய் கத்திய எடுத்துட்டு வாசல் பக்கம் திரும்பி நின்னாரு. மூஞ்சியில போட்ட நுரை காஞ்சே போச்சு. அப்புறம் வந்து மறுபடி நுரை போட்டு மிச்சத்த எடுத்துவிட்டாரு. ஒரு கீறல் இல்ல செல்வி.

இசக்கிசெல்வி: நெசமா என்னதான் சொன்னான் அவன்?

வெயிலுமுத்து: "எறங்கட்டாண்ணே"ன்னு கேட்டான். எறங்குன்னு கையக் காட்டினேன்.

இசக்கிசெல்வி: ம்.

வெயிலுமுத்து: செம்பூர் பில்டிங்குல ஒம்பது மாடி. ஒத்தக் கயிறு, அதுல ஒரு பலகை. அவன் பலகையில உக்காந்து வெளிச் சொவத்துல எறங்கணும். மொட்டை மாடித் தூண்ல கயித்தக் கட்டுதது என் பொறுப்பு. சுத்திட்டு ரெண்டு முடிச்சு போடணும். ஒரு முடிச்சு போட்டேன். அப்ப போன் அடிச்சுது. பேசினேன். வச்சேன். அவன் கேட்டான், எறங்கச் சொல்லிட்டேன். ரெண்டாவது முடிச்சு... மறந்தே போச்சு. கயிறு அறுந்து போகல, செல்வி. அவுந்துட்டு.

இசக்கிசெல்வி: அப்ப எத்தனை மணி இருக்கும்?

வெயிலுமுத்து: எதுக்கு அதெல்லாம்?

இசக்கிசெல்வி: மணி கேக்கேன்.

வெயிலுமுத்து: பதினொண்ணரை... இருக்கும். யாரோ பெயிண்ட் கடைக்காரன் போன்.

இசக்கிசெல்வி: கடைக்காரன் இல்ல. நான். கேஸ் சிலிண்டர் வந்துட்டு, புக்கு எங்கன்னு கேட்டேன். டிரங்குப் பெட்டிக்கு அடியிலன்னு சொன்னீய. ஒனக்கு என்னதான் தெரியும்னு சிரிச்சீய கூட.

வெயிலுமுத்து: இது ஒனக்குத் தெரியவே கூடாதுன்னுதான்... போன எடுத்தது நான். கட்டினது நான். ஒனக்கும் இதுக்கும் ஒண்ணும் கிடையாது.

இசக்கிசெல்வி: சிரிச்சீய...

வெயிலுமுத்து: அழாத. பக்கத்துக் கோலிக்குக் கேக்கும்.

இசக்கிசெல்வி: கத்தியக் கீழ வைங்க.

வெயிலுமுத்து: வச்சிட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த நாற்காலியில உக்கார? பாய்க்கு மட்டும் இது தெரிஞ்சிதுன்னா...

இசக்கிசெல்வி: தெரியும். மறுநாளே தம்பி செருப்ப எடுக்க அந்த பில்டிங்குக்குப் போயிருக்காரு. நைலான் கயிறு முழுசாக் கெடந்திருக்கு, ரெண்டு முனையும் பிரியாம இருக்க தீயில உருக்கினது உருக்கினபடி. அறுந்த கயிறுன்னா பிஞ்சு நிக்கும், இது அவுந்த கயிறு தங்கச்சின்னு, நாப்பதாம் நாள் பாத்தியா ஓதுததுக்கு நான் மட்டும் போனேன்லா, அன்னைக்குச் சொன்னாரு. முத்து அவன் வாயால சொல்லட்டும், நீ கேக்காதன்னு எங்கிட்ட சத்தியமும் வாங்கிக்கிட்டாரு. நீங்க அவர் முன்னால கழுத்த நிமுத்திக்கிட்டு உக்காந்தீயல்லா... அப்பவும் அவருக்குத் தெரியுங்க.