வெள்ளிக்கிழமை மதியம் உடைந்த பூட்டு

ஜெனிஃபா, வயது 36, க/பெ. ஜோவின், சர்ச் தெரு, ஆம்பூர். இன்று வியாழக்கிழமை காலை காவல் நிலையத்தில் ஆஜராகிக் கூறியதாவது:

நான் மேற்படி முகவரியில் வசித்துக்கொண்டு துணை மின் நிலையத்தில் உதவிப் பொறியாளராக வேலை செய்து வருகிறேன். எங்கள் ஊர் தோல் தொழிற்சாலைக் கூரைகளில் இப்போது சோலார் நிறைந்துள்ளது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தில் தொழிற்சாலைகள் மோட்டாரை நிறுத்திவிடும், வெயில் நிற்காது. செலவாகாத கரண்ட் லைனில் சேர்ந்து, மின்னழுத்தம் கூடி, லைன் ட்ரிப் ஆகிவிடும். இப்படி மூன்று வெள்ளி தொடர்ந்து பள்ளிவாசலில் பயான் உரை நடுவே ஃபேன் நின்றது. ஊரே என்னைத் திட்டியது. இப்போது பூட்டை உடைத்ததாகப் புகார் கொடுத்துள்ள கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய மேனேஜர் நயீம் அகமதுவும் நேரில் வந்து, "ஜும்மா அன்னிக்கு மட்டும் இன்னா பேஜார்மா இது?" என்று கேட்டார்.

அதன் பிறகு, அவர் நிலையத்தின் நான்கு பெரிய மோட்டார்களையும் அந்த நேரத்தில் ஓட்டினால் கரண்ட் செலவாகிவிடும் என்று அவரிடம் சொன்னேன். நிலையக் கமிட்டியில் பேசிச் சொல்வதாகச் சொன்னார். சொல்லவில்லை.

கடந்த வெள்ளி மதியம் 1.20க்கு, பதினொரு கிலோவோல்ட்டில் நிற்க வேண்டிய மின்னழுத்த மீட்டர் பன்னிரண்டை நெருங்கியது. சுத்திகரிப்பு நிலையத்தில் வெள்ளிதோறும் டூட்டி பார்க்கும் வில்சனுக்குப் போன் செய்தேன். "மேடம், மோட்டார் சுவிட்ச் இருக்கற பேனல் ரூம் சாவி மேனேஜர் ஜுப்பா பாக்கெட்ல போய்டுச்சு. போனும் ஆஃப்ல இருக்குது" என்றார். "பூட்ட உடைங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் உடைத்து மோட்டார்களைப் போட்டார். மீட்டர் இறங்கியது. மேசையை ஓங்கித் தட்டினேன், டீ கொட்டியது. பதினோரு வருட சர்வீஸில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இரண்டு மணி வரை பள்ளிவாசலில் இருந்ததாக நயீம் அகமது புகாரில் கூறியுள்ளார். அங்கே ஃபேன் நின்றதா என்று அவரைக் கேட்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பூட்டை உடைக்கச் சொன்னது நான். வழக்குப் போட்டால் என் மேல் போட வேண்டும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வில்சனை விட்டுவிட வேண்டும். புதுப் பூட்டு ஒன்று கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். அதில் இரண்டு சாவி உள்ளது, ஒன்று வில்சனிடம் இருக்கட்டும். நாளை வெள்ளிக்கிழமை.

நான் சொன்னபடியே எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. சந்தோஷம் என்ற இடத்தை அடிக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதால் அதுவும் அப்படியே உள்ளது. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஜெனிஃபா