பிரிக்காத பெட்டி

இந்த அறையின் ஏசியில் தண்ணீர் சொட்டுகிறது, கவனித்தீர்களா சார்ஜெண்ட்? வடிகுழாய் அடைத்திருக்கும். மக்கேயில் பிப்ரவரி மழை வந்தால் பாதி ஊருக்கு இதே தொந்தரவு. நான் குளிர்சாதன மெக்கானிக், அதனால் கண்ணில் படுகிறது. ஆம்புலன்ஸை ஏன் அவ்வளவு தாமதமாகக் கூப்பிட்டேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் நியாயமாக இருக்கும்.

லீனோ கூட்டஜாருக்குக் கரும்பாலையில் வேலை. எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம், பழைய வீடியோ கேம். சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் பழைய சாமான் பரப்பி விற்கிறார்களே, அங்கெல்லாம் சேர்ந்தே அலைவோம். வாங்கியதை அன்றே அவன் வீட்டு வராந்தாவில் போட்டு விளையாடிவிட வேண்டும், அது எங்களுக்குள் சட்டம். அவன் மனைவி கார்மென் இறால் வேகவைத்துக் கொண்டுவந்து வைப்பாள். இறால் தொட்ட கையோடு கன்ட்ரோலரைத் தொடாதே என்று நான்தான் கத்துவேன். அப்போதே எனக்குப் பொருள் மேல் அக்கறை உண்டு.

பக்கத்து ஊர் சரினாவில் ஒரு வீடியோ கடையை மூடியபோது 'ரீஃப் பைலட்' என்ற கேம் இரண்டு கிடைத்தன, மேலுறைகூடப் பிரிக்காதவை. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். விளையாட லீனோவிடம் ஏற்கெனவே ஒரு பழைய பிரதி இருந்ததால் இவற்றைப் பிரிக்கவில்லை. அவன் வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சை. அதனால் அவனுடையதையும் நானே வைத்துக்கொண்டேன்.

பிறகு விலை ஏறியது. கன்ட்ரோலரைக் கையால் தொட்டிராதவர்கள் போன் செய்தார்கள். உள்ளே என்ன விளையாட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை, உலகத்தில் எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பிரிக்காதது ஒன்றே ஒன்று என்றால் ஒரு வீட்டின் விலை. இரண்டு என்றால் ஒரு காரின் விலை. என்னுடையதை ஏலம் விட வந்த பிரிஸ்பேன்காரர்களிடம் ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்தேன். லீனோவுடையது விற்பனைக்கு இல்லை, ஆகவே அது கணக்கில் வராது என்பது என் எண்ணம். இப்போதும் அதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

வீட்டின் பின்னால் இருந்த பழைய மாம்பழக் குளிர் அறையை, நான் சேர்த்துவைத்த கேம் பெட்டிகளுக்காகச் சீர்செய்தேன். அட்டைக்கு எமன் ஈரம். ஈரத்தை விரட்ட நைட்ரஜன் சிலிண்டர் இணைத்தேன், என் தொழிலில் தினமும் கையாளுவதுதான். மனிதர் உள்ளே போவதற்கு முன் நன்றாகக் காற்றோட்டம் விட வேண்டும், இல்லையென்றால் மூச்சுக்கு ஒன்றும் இருக்காது. கதவில் எச்சரிக்கைப் பலகை மாட்டியிருந்தேன். பிரிஸ்பேனிலிருந்து போட்டோ எடுக்க வந்தவர்கள் அசிங்கமாக இருக்கிறது என்றார்கள், கழற்றினேன். திரும்ப மாட்ட வேளை வரவில்லை.

லீனோ இந்த அறையைப் பார்த்துச் சிரிப்பான். என் ரீஃப் பைலட்டை வைத்திருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டைத் தட்டி, "டேய் நெவ், இது விளையாட்டுச் சாமான்டா. நீ சவப்பெட்டி பண்ணி வெச்சிருக்க" என்பான். நான் கோபப்பட்டதில்லை. அவனுடையதை விலைக்குக் கேட்டேன், பல தடவை கேட்டேன். உனக்கு வித்தா நீ விளையாட மாட்டியே என்று தட்டிக் கழித்துவிட்டான்.

அந்த வியாழக்கிழமை மழையில் நனைந்துகொண்டே வந்தான். கடலோரக் காவல் கிளப்பில் புதுப் படகு வாங்கப் பணம் திரட்டக் குலுக்கல் நடக்கிறதாம்.

"எப்பவும் பரிசா வைக்கிற கறித் தட்டு இந்தத் தடவை வேணாம்னு சொல்லிட்டேன். ரீஃப் பைலட்டைப் பரிசா வைக்கப் போறேன். டிக்கெட் ரெண்டு டாலர். விழுந்தவங்க அங்கேயே உறையைக் கிழிச்சு எல்லார் முன்னாடியும் விளையாடணும், அதான் கண்டிஷன்" என்றான். "நீயும் வாடா. முதல் ஆட்டம் நாம ரெண்டு பேரும் போடலாம்."

கிளப்பில் போட்டோ எடுப்பார்கள். பிரிஸ்பேன்காரர்கள் பார்ப்பார்கள். என் வீடு அப்படியே காராகும், அதையும் ரெண்டு டாலர் என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அழுகையே வந்தது என்றால் நம்புவீர்களா?

போய் எடுத்துக்கோ, திறந்துதான் இருக்கு என்றேன். வாயுவைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்காததை எதற்குச் சொல்வது?

அவன் உள் அலமாரிக்குப் போனதும் கதவைத் தள்ளினேன். பழைய கதவு, சாத்தினால் உள்ளிருந்து திறக்காது.

"கதவை ஏன்டா சாத்துற?"

"ஈரம் உள்ள வருது" என்றேன். அது உண்மை. அறைக்குள் இருக்கும் ஈரத்தைக் காட்டும் ஈரமானி கதவுக்கு வெளியே இருக்கிறது, அதன் முள் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது, அவன் சட்டை அப்படி நனைந்திருந்தது. முள் ஏறினால் வால்வைத் திறப்பது என் வழக்கம். அன்றும் திறந்தேன்.

கதவை இரண்டு முறை தட்டினான். என் பேரைச் சொன்னான் என்று நினைக்கிறேன், கதவு தடிமனானது. பிறகு ஏதோ சரிந்த சத்தம். அப்போதே திறந்திருக்கலாம் என்பீர்கள். முள் அறுபதில் நின்றது. அந்த மழையில் திறந்தால் இன்னும் ஏறும். நாற்பத்தைந்துக்கு இறங்கட்டும் என்று ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது.

திறந்து, வாசலில் நின்று நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு போனேன். லீனோ கதவருகே பக்கவாட்டில் கிடந்தான், பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. விழும்போதுகூட அதை நசுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசியிலாவது அதன் மதிப்பு அவனுக்குப் புரிந்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அட்டை மடங்கிவிடக் கூடாது என்று அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுண்டுவிரலைப் பிரிக்கும்போது அது என் விரலைச் சுற்றி இறுக்கிப் பிடித்தது. கார்மெனிடம் இதை மட்டும் சொல்ல வேண்டாம், தப்பாக எடுத்துக்கொள்வாள்.

பெட்டியை வெளியே கொண்டுவந்து நான்கு முனைகளையும் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பிறகு கதவைச் சாத்தினேன், வால்வைத் திறந்தேன். சாத்தாமல் எப்படி, சார்ஜெண்ட்? மற்ற பெட்டிகளெல்லாம் உள்ளேதானே இருந்தன.