கடைசிப் பக்கம் வரும்வரை

கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இந்த அவைக்குத் தலைமை தாங்கும் துணைவேந்தர் அவர்களே, ஆட்சிக்குழுச் சான்றோர்களே, கற்பித்துக் கற்பித்தே குரல் கம்மிப்போன எங்கள் பேராசிரியர்களே, மகள் என்ன படிக்கிறாள் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்க முடியாமல் தவிக்கும் தாய்மார்களே, தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நவீன இலக்கியமும் விமர்சனக் கோட்பாடும் என்னும் எங்கள் பாடத்தை மூடிவிடலாமா என்று இந்த அவை இன்று முடிவெடுக்கப் போகிறது. மூடலாம் என்று எனக்கு முன் பேசிய ஆட்சிக்குழு உறுப்பினர், எங்கள் வகுப்பைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னார். உண்மைதான். ஆனால் அது பாதிக் கதை.

அவர் சொன்னபடியே, வகுப்புக்காக ஒரு சிறுகதையை ஜெராக்ஸ் எடுத்தபோது கடைசிப் பக்கம் விட்டுப்போயிற்று. அது தெரியாமல், அறுந்து நின்ற கதையை ஒரு வாரம் ஆய்ந்தோம், அலசினோம், அடித்துக்கொள்ளாத குறையாக வாதாடினோம். முடிவை வாசகரிடமே விட்ட புதுமை என்றான் ஒருவன். மௌனத்தின் மொழி என்றாள் ஒருத்தி. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா, இப்படித் தப்புப் பண்ணவும் படித்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பக்கம் இல்லையென்று கண்டுபிடித்தது யார்? உறுப்பினர் அதைச் சொல்லவில்லையே. எதைச் சொன்னாலும் நெற்றியைச் சுருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி. 'சந்தேகம்' என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். அவள் எழுந்தாள்.

"இந்தக் கதையில வர்ற வீட்ல எல்லாரும் பேசுறாங்க. சமைக்கிற அம்மா மட்டும் பேசவே இல்ல. அடிக்கடி கதவுகிட்ட வந்து நிக்கிறாங்க. வாயத் தொறக்குறதுக்குள்ள யாராவது வேலை சொல்லிடுறாங்க. இப்படி நிக்க வச்சுட்டு, எழுதினவங்க சும்மா விடுவாங்களா?"

"அதான்டி மௌனம்," என்றோம்.

"போங்கடி. நான் புத்தகத்தையே பாத்துட்டு வரேன்."

நூலகத்துக்குப் போனாள், பார்த்தாள். கடைசிப் பக்கம் முழுக்க அந்தச் சமையற்கார அம்மாவின் பேச்சு. அந்த வீட்டைப் பற்றி நாங்கள் நம்பியிருந்த அத்தனையையும் அவர் தலைகீழாக்கியிருந்தார்.

அந்தக் கேள்வி அவளுக்கு வானத்திலிருந்தா விழுந்தது? இந்தப் பாடம் தந்தது, அவையோரே. யார் பேசவில்லை? ஏன் பேசவில்லை? பேசவிடாதவர் யார்? கோட்பாடு, கோட்பாடு என்று நீங்கள் பயப்படுகிறீர்களே, அது எங்களுக்குக் கற்றுத்தந்தது இதைத்தான். செய்தித்தாளைப் படித்தாலும் கேட்கிறோம். எங்கள் வாழ்க்கையைப் பற்றி அப்பாவும் மாமாவும் முடிவெடுக்கும்போதும் கேட்கிறோம். அதனால் வீட்டில் கெட்ட பெயர்தான். ஆமாம், அதோ என் அம்மா தலையாட்டுகிறார்.

அதே கேள்வியை இங்கும் கேட்கிறேன். இந்தப் பாடத்தைப் பற்றி நிர்வாகம் பேசியது, நிதிக்குழு பேசியது. படிக்கிறவர்கள் பேசினார்களா? கெஞ்சிக் கேட்டதில் எனக்கு ஒருத்திக்கு மட்டும் நேரம் கிடைத்தது. மற்றவர்கள் எங்கே? திரும்பிப் பாருங்கள். கதவருகே நிற்கிறார்கள், அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தவளும் அவர்களோடுதான்.

எனக்குத் தந்த நேரத்தில் கொஞ்சம் மீதியிருக்கிறது. அதை நான் அவளுக்குத் தருகிறேன். அவள் பேசி முடிக்கும்வரை யாரும் முடிவெழுத வேண்டாம். கடைசிப் பக்கம் இல்லாமலே கதையை முடித்தவர்கள் என்ற பெயர் எங்களோடு போகட்டும்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கு நன்றி. வணக்கம்.

சந்தேகம், உள்ளே வா.